நூலிழையா, நாலு விரற்கடையா?

கேள்வி: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டாரே, அது விதிதானே?

பதில்: விதி கிடக்கட்டும், முதலில் அந்த நூலிழையை எடுங்கள். 'மயிரிழை' என்று எழுத உங்களுக்குக் கூச்சம், தெரியும். சில வருஷம் முன்னால் இதே பக்கத்தில் 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று எழுதிவிட்டு நான் பட்ட பாடு! 'குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் இப்படியா?' என்று ஒரு பெரியவர் மூன்று பக்கம் எழுதினார். மூன்று பக்கத்திலும் அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார். பார்க்க என் சொல்லைவிட அவர் புள்ளிகள்தான் ஆபாசமாக இருந்தன. நான் 'கேச இழை' என்று போட்டிருக்கலாமாம். இப்போதெல்லாம் யாரும் மயிரிழையில் தப்புவதே இல்லை, எல்லாருக்கும் நூல்தான்.

சரி, உங்கள் நூலின் தடிமன் என்ன? 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41 விநாடி, உஷா 55.42. அந்த வேகத்தில் ஓடுகிறவர் விநாடிக்குச் சுமார் ஏழு மீட்டர் கடக்கிறார். நூறில் ஒரு பங்குக்கு ஏழு சென்டிமீட்டர். நாலு விரற்கடை ஐயா! இது நூலா, தேர்வடமா?

எல்லைக்கோட்டில் கணக்கு உடம்புக்குத்தான். தலை, கை, கால் செல்லாது. மூக்கு எவ்வளவு நீளமானாலும் பிரயோசனமில்லை. (என்னை நேரில் பார்த்தவர்கள் சிரிக்க வேண்டாம்.) கடைசி எட்டு வைக்கையில் உஷா மார்பை முன்னால் சாய்க்கவில்லை. கேரளத்தின் பய்யோலிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய பெண்ணுக்குத் தடை ஓட்டம் புதிது. பெண்களுக்கு அந்தப் போட்டியை ஒலிம்பிக்கில் வைத்ததே அந்த வருஷம்தான். நன்றாகக் கிளம்பிய முதல் ஓட்டமும் துப்பாக்கி வெடிக்கும் முன்பே வேறொருத்தி கிளம்பிவிட்டதால் செல்லாமல் போனது. சாப்பாடோ, கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஊறுகாய் பரிமாறும் வேலையையும் விதியிடம் ஒப்படைத்தது யார்?

என் கோபம் வேறு. 1985-ல் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில், 21 வயசில், ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வாங்கினார். அடுத்த வருஷம் சோல் ஆசிய விளையாட்டில் நாலு தங்கம், ஒரு வெள்ளி. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, 34 வயசில், 1998-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம். அந்த வயசில் மாடிப்படி ஏறவே நான் கைப்பிடியைத் தேடினேன். இவற்றைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு கடிதம் வந்ததில்லை. வாங்காத ஒரு பதக்கத்துக்கு மட்டும் வருஷம் தவறாமல் ஒப்பாரி.

அடுத்த தடவை ஃபுகுவோகாவைப் பற்றிக் கேளுங்கள். கேள்வியில் 'மயிரிழை' வந்தாலும் பரவாயில்லை, பெரியவரை நான் சமாளித்துக்கொள்கிறேன்.