16 பிட் இருந்தும் ஏன் தோற்றது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எண்பதுகளின் வீட்டுக் கணினிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) கம்பெனியின் டிஐ-99/4ஏ கணினியில், ஒரே வீச்சில் 16 பிட் தரவைக் கையாளும் செயலி இருந்தது. கமடோர் 64, அட்டாரி 800 எல்லாம் 8 பிட்தான். அப்படியும் டிஐ தோற்றதற்கு கமடோரின் தலைவர் ஜாக் டிராமியல் நடத்திய விலைப்போர் ஒன்றே போதாதா? நிரல் எழுதுபவர்களுக்குக் கம்பெனி உதவவில்லை என்பதை நீங்கள் மிகைப்படுத்துவதாகத் தோன்றுகிறது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விலைப்போர் டிஐயைச் சாய்த்தது உண்மைதான். 1981-ல் 525 டாலருக்கு வந்த கணினி 1983-ல் நூறு டாலருக்கு இறங்கியது. அந்த அக்டோபரிலேயே வீட்டுக் கணினித் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் டிஐயின் கணக்கையும் பாருங்கள். கணினி விற்பனையில் இழந்த பணத்தை மென்பொருளில் எடுத்துவிடலாம் என்று நம்பினார்கள். அதனால் மென்பொருள் வருமானம் வெளியே போகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்கள். 1983-ல் வந்த புதிய கணினிகளில், மற்ற கம்பெனிகள் செய்த ரோம் கார்ட்ரிட்ஜ்கள் (நிரல் பதித்த செருகு பெட்டிகள்) ஓடாதபடி உள்ளே மாற்றியே விட்டார்கள். தன் கணினிக்கு நிரல் எழுத வந்தவனைக் கம்பெனியே விரட்டுவது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த 16 பிட் பெருமையும் பெயரளவில்தான். 16 கேபி நினைவகம் முழுவதும் வீடியோ சில்லுக்குப் பின்னால் இருந்தது. செயலி நேரடியாகத் தொட முடிந்த ரேம் வெறும் 256 பைட். பெட்டியோடு வந்த பேசிக் என்ற நிரல்மொழியில், நினைவகத்தில் இருப்பதைப் படிக்கும் 'பீக்' (PEEK) கட்டளையும் இல்லை, அதில் எழுதும் 'போக்' (POKE) கட்டளையும் இல்லை. செயலிக்கு நேரடியாகப் புரியும் இயந்திர மொழியில் எழுத ஆசைப்பட்டால் தனியாகக் கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும், பெரும்பாலும் கூடுதல் நினைவகமும் வட்டு இயக்கியும் வேண்டும்.

கமடோர் 64-ல் 'போக் 53280,0' என்று தட்டி ரிட்டர்னை அழுத்தினால் திரையின் விளிம்பு கறுப்பாகும். அதன் பேசிக்கிலும் படத்துக்கோ ஒலிக்கோ தனிக் கட்டளை கிடையாது. அது பெரிய குறைதான். ஆனால் நினைவகத்தின் எந்த முகவரி எண்ணில் எதைப் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கமடோரே கையேடாகப் போட்டு, மின்சுற்று வரைபடத்தையும் சேர்த்து விற்றது. வீட்டில் இருந்த பையன் அதை வைத்தே விளையாட்டு எழுதலாம்.

அட்டாரியும் முதலில் வன்பொருள் விவரங்களைப் பூட்டித்தான் வைத்தது. பிறகு மனம் மாறி அவற்றை வெளியிட்டது. 1981-ல் பயனர்கள் எழுதிய நிரல்களை வாங்கி, ராயல்டி கொடுத்து விற்கவும் தொடங்கியது. ஆப்பிளுக்கு அந்தத் தயக்கமே இருக்கவில்லை. 1978-லேயே ஆப்பிள் 2-ன் சுற்று வரைபடமும் கணினியை உள்ளிருந்து இயக்கும் 'மானிட்டர்' என்ற அடிப்படை நிரலின் முழு வரிகளும் கையேட்டில் அச்சாயின. மறு ஆண்டே வெளியார் எழுதிய விசிகால்க் என்ற விரிதாள் கணக்கு நிரல் வந்தது. அதற்காகவே ஆப்பிள் வாங்கியவர்கள் ஏராளம்.

டிஐக்கு உழைக்க ஆள் இல்லாமல் இல்லை. கம்பெனி கைவிட்ட பிறகும் பயனர் குழுக்கள் அந்தக் கணினிக்கு நிரல் எழுதிக்கொண்டே இருந்தன. 1987-ல் மையார்க் என்ற கம்பெனி, டிஐயின் விரிவாக்கப் பெட்டிக்குள் செருகும் அட்டையாக ஜெனீவ் 9640 என்ற புதுக் கணினியையே செய்து விற்றது.