ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நர்ஸ் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் 3 ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். வெளிநாட்டு வேலைக்காக விலகியபோது, 'மருத்துவமனையைப் பற்றிய எந்தத் தகவலையும் யாரிடமும் சொல்ல மாட்டேன், மீறினால் 5 லட்சம் ரூபாய் தருவேன்' என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய பிறகே அனுபவச் சான்றிதழ் தந்தார்கள். காலாவதியான ஊசி மருந்துகள் வார்டில் போடப்பட்டதும், கர்ப்பமாக வந்த 16 வயதுச் சிறுமியைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததும் எனக்குத் தெரியும். நான் வாய் திறந்தால் வழக்கு வருமா?

பதில்: நீங்கள் கையெழுத்திட்ட தாள் முழுவதும் செல்லாது என்று சொல்ல முடியாது, ஆனால் அது உங்களை மிரட்டும் அளவுக்கு வலிமையானதும் அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 23ஆம் பிரிவின்படி, சட்டம் தடுப்பதை நோக்கமாகக் கொண்ட, அல்லது ஒரு சட்டத்தின் பயனையே கெடுக்கக்கூடிய, அல்லது பொதுநலனுக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது. முத்திரைத்தாளில் எழுதியதால் இந்த நிலை மாறிவிடாது. மருத்துவமனையின் கட்டண ஏற்பாடுகளையோ வணிக விவரங்களையோ வெளியிடாமல் இருக்க உங்களைக் கட்டுப்படுத்தலாம். குற்றத்தை அதிகாரியிடம் சொல்லாமல் இருக்கக் கட்டுப்படுத்த முடியாது.

சிறுமியின் விஷயமே இதில் முதன்மையானது. போக்சோ சட்டம், 2012-இன் 19ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'குடும்ப மானம்' என்று நிர்வாகம் சொல்லும் காரணம் சட்டத்தின் முன் நிற்காது. அதே 19ஆம் பிரிவு, நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ வராது என்றும் உறுதி அளிக்கிறது. எனவே இந்தத் தகவலுக்காக உங்களிடம் அந்த 5 லட்சத்தைக் கேட்கவே வழியில்லை. மாறாக, பேசாமல் இருப்பதே உங்களுக்கு ஆபத்து. சிறுமியின் பெயர் வெளியே வந்துவிடும் என்ற தயக்கம் நியாயமானதுதான், ஆனால் அவளது அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடை செய்துள்ளது. அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ 1098 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம். தாமதத்துக்கான காரணத்தையும் எழுத்தில் குறிப்பிடுங்கள்.

காலாவதி மருந்து பற்றி மருந்து ஆய்வாளரிடமும், தனியார் மருத்துவமனைகளின் பதிவைக் கவனிக்கும் நாகர்கோவில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் தரலாம். மருந்தின் பெயர், அட்டையில் உள்ள தொகுதி எண் (பேட்ச் நம்பர்), பார்த்த தேதி ஆகியவை இருந்தால் போதும்.

அபராதத் தொகையை நினைத்து அஞ்ச வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, தாளில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டை மட்டும், அதுவும் அந்த வரம்புக்குள், வழங்கும். சாட்சி சொல்ல நீதிமன்றம் அழைத்தாலும் ஒப்பந்தத்தைக் காட்டி மறுக்க முடியாது. கட்சிக்காரர் ரகசியத்தைக் காக்க வழக்கறிஞருக்கு உள்ள பாதுகாப்பு மருத்துவருக்கும் நர்ஸுக்கும் இல்லை.

இனி, உங்களை உண்மையிலேயே கட்டுப்படுத்துவது எது என்பதையும் சொல்ல வேண்டும். நோயாளியின் ரகசியம் அந்தத் தாள் இல்லாவிட்டாலும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது, குறிப்பாக எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. கேஸ் ஷீட்டின் படம் கைப்பேசியில் இருந்தால் வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள், முகநூலிலும் எழுதாதீர்கள். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் தரும் புகார் அவதூறு ஆகாது என்ற விதிவிலக்கு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் உள்ளது. சமூக ஊடகப் பதிவுக்கு அந்தக் கவசம் கிடைக்காது. என் அனுபவத்தில், பலர் சிக்கிக்கொள்வது சொன்ன செய்தியால் அல்ல, சொன்ன இடத்தால்.

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, புகாரை வழக்கறிஞரிடம் காட்டி எழுதுங்கள். ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால், பதிவுத் தபாலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். புகாரை நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கி, வெளிநாடு புறப்படும் முன் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அதன் நகலை ஒப்படைத்துச் செல்லுங்கள்.