படையல் இல்லாத கடவுள்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதைவிட அதற்காகப் படித்ததுதான் அதிகம். ஸ்காண்டிநேவியாவின் நார்ஸ், எகிப்து, மெசபடோமியா, மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா என்று கலைக்களஞ்சியங்களில் தொடங்கி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்தேன். எக்ஸெல் கோப்பில் ஒவ்வொரு கடவுளின் ஆயுதம், வாகனம், அதிகாரம், உறவுமுறை எல்லாம் இருக்கின்றன. என் கற்பனை நாட்டுக்கு நாற்பது கடவுள்களை உருவாக்கியிருக்கிறேன். முதல் அத்தியாயம் உலகம் தோன்றிய கதை. ஒன்பது உலகங்கள், ஒரு பெருவெள்ளம், ஒரு நதித்தேவதை, இறந்தவர்களுக்கு ஒரு தீர்ப்பு மன்றம் என எல்லாம் உண்டு. ஆனால் படித்த நண்பர்கள் அருங்காட்சியகத்தைச் சுற்றிப்பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். இன்னும் ஆராய்ச்சி செய்ய வேண்டுமா? எங்கே நிறுத்துவது? இன்னொரு சந்தேகம். யொரூபா மரபின் எஷு என்ற கடவுளைப் பெயர் மாற்றி என் வில்லனாக ஆக்கியிருக்கிறேன். பெயர்தான் மாறிவிட்டதே, இதில் தவறுண்டா?

ம.

அன்புள்ள ம.,

மூன்று அத்தியாயங்களையும் வாசித்தேன். நாற்பது கடவுள்களும் வந்துவிட்டார்கள். ஒருவருக்குக்கூட யாரும் எதுவும் படைக்கவில்லை. யாரும் நேர்ந்துகொள்ளவில்லை, சாமியிடம் கோபித்துக்கொள்ளவில்லை, நேர்ந்ததைச் செலுத்தாமல் ஏமாற்றவும் இல்லை. நண்பர்கள் சொன்னதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆயுதமும் வாகனமும் எக்ஸெலில் அடங்கும். கதைக்குப் பயன்படுவது கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கல். இந்தக் கடவுளுக்கு மனிதரிடமிருந்து என்ன வேண்டும்? யார் கொடுக்கிறார்கள்? ஒருநாள் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? உங்கள் குறிப்புகளில் இதற்கு ஒரு பத்தி கூடக் கிடையாது.

உங்கள் பெருவெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். மெசபடோமியாவின் அத்ரகாசிஸ் காவியம் கி.மு. 17-ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அதில் கால்வாய் வெட்டி அலுத்துப்போன சிறு தெய்வங்கள் கருவிகளைத் தீயில் போட்டுவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் தலைவர் என்லிலின் வாசலை முற்றுகையிடுகின்றன. சமரசமாக ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் சதையையும் ரத்தத்தையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைச் செய்கிறார்கள். இனி அந்த வேலை அவன் தலையில். மனிதர்கள் பெருகுகிறார்கள், அவர்கள் போடும் கூச்சலில் என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. கொள்ளைநோய், பஞ்சம் எல்லாம் அனுப்பிப் பார்த்துக் கடைசியில் வெள்ளத்தை அனுப்புகிறார். மனிதர்கள் அழிந்ததும் படையல் நின்றுபோகிறது. தெய்வங்கள் பசியிலும் தாகத்திலும் வாடுகின்றன. தப்பிப் பிழைத்தவன் பலியிட்டதும் வாசனை பிடித்து வந்து ஈக்களைப்போல மொய்க்கின்றன. கில்காமேஷ் காவியத்தின் 11-ஆம் பலகையிலும் இதே ஈக்கள் வருகின்றன.

உங்கள் வெள்ளத்தில் பாவிகள் தண்டிக்கப்படுகிறார்கள், அவ்வளவோடு முடிந்தது. இங்கே கடவுள் அவசரப்பட்டுத் தன் சோற்றில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொள்கிறார். இதற்குப் பிறகு அந்த நாட்டுப் பூசகர்கள் எப்படிப் பேசுவார்கள், அரசன் எதற்குப் பயப்படுவான் என்பதெல்லாம் தானாகவே எழுத வரும்.

ஆகவே மேலும் படிப்பதென்றால் புராணக்கதைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு பிரார்த்தனைகள், சாபங்கள், சத்தியங்கள், கோயில் கணக்குகள் பக்கம் போங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் ரோமானியர் காலத்து வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அங்கே கோயில் கொண்டிருந்தவள் சூலிஸ் மினர்வா. ஊற்றிலிருந்து சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். தொசிமெடிஸ் என்பவரின் கையுறைகள் இரண்டு காணாமல் போயின. எடுத்தவன் தேவியின் கோயிலிலேயே புத்தியும் கண்ணும் இழக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். இரண்டு கையுறைகளுக்கு! வேறு தகடுகளில் 'ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ' என்று வழக்குமன்றப் பத்திரத்தின் பாணியில் எழுதியிருக்கிறார்கள். திருடன் யாரென்று தெரியாதல்லவா, ஓட்டை வைத்துவிட்டால் தப்பித்துவிடுவான். தேவியின் பிறப்புக் கதையை நூறு பக்கம் படித்தாலும் இந்த மனிதரின் ஆத்திரம் கிடைக்காது.

இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசன் இரண்டாம் முர்சிலியின் பிரார்த்தனைகளையும் தேடிப் படியுங்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டு. எகிப்தியப் போர்க்கைதிகளோடு நாட்டுக்குள் வந்த கொள்ளைநோய் ஆண்டுக்கணக்கில் தீரவில்லை. அரசன் குறி கேட்கிறான், பழைய பலகைகளைத் தேடுகிறான். ஒன்றில் மாலா என்ற ஆற்றுக்குச் செலுத்தவேண்டிய பலிகள் நின்றுபோன செய்தி. இன்னொன்றில் எகிப்தோடு செய்த உடன்படிக்கை. அதை மீறியவர் அவனுடைய அப்பா. அப்பாவின் பாவம்தான், ஆனால் என் தலையில் வந்து விழுந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன் என்று கடவுளிடம் சொல்கிறான். அடுத்து பேரம் ஆரம்பிக்கிறது. உங்களுக்குப் படையல் ரொட்டி செய்பவர்களே செத்துக்கொண்டிருக்கிறார்கள், நாளைக்கு யார் படைப்பார்கள் என்று கேட்கிறான்.

உங்கள் நதித்தேவதையை நிலா வெளிச்சத்தில் வைத்து ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அவளுக்கு அரசனின் அப்பா வைத்த கடன் ஒன்று பாக்கி இருக்கட்டும். போதும்.

தீர்ப்பு மன்றத்துக்கும் இதுவே. எகிப்தில் இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், நீங்களும் அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள். பிணத்தின் மார்பில் வைத்த, வண்டு வடிவக் கல் தாயத்தைப் பார்த்தீர்களா? 'என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்று அதில் மந்திரம் பொறித்திருக்கும். தீர்ப்பை நம்புகிறவர்களே அதற்குக் குறுக்குவழியும் செய்துவைக்கிறார்கள். கதாபாத்திரம் பிறப்பது அங்கேதான்.

ஒன்பது உலகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நார்ஸ் பாடல்கள் ஒன்பது என்கின்றன, சரி. ஆனால் அந்த ஒன்பதும் எவை என்ற பட்டியலை எந்த மூலநூலும் தரவில்லை. நீங்கள் வைத்திருக்கும் அட்டவணை பிற்காலத்தவர் கூட்டிச்சேர்த்தது. நார்ஸ் தொன்மங்களில் பெரும்பகுதியை நமக்கு எழுதிவைத்த ஸ்னோரி ஸ்டர்லூசனே ஒரு கிறிஸ்தவர். ஐஸ்லாந்து மதம் மாறியது கி.பி. 1000 வாக்கில், அவர் எழுதியது 1220 வாக்கில். நார்ஸ் தலைமைக் கடவுள் ஓடினைக் கும்பிட்டவர் எவரையும் அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எந்தத் தொன்மத்தை எடுத்தாலும் யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். உங்கள் நாட்டிலும் ஒன்பதாவது உலகத்தின் பெயர் யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருக்கட்டுமே. எல்லா உலகங்களுக்கும் வரைபடம் வைத்திருப்பவர் நாவலாசிரியர் மட்டும்தான், பக்தர்களிடம் அது இருக்காது.

இனி எஷு. என்லிலுக்காக இன்று மனம் புண்பட யாரும் இல்லை. எஷுவின் கதை வேறு. நைஜீரியாவிலும் பிரேசிலிலும் கியூபாவிலும் இன்றும் அவருக்குப் படையல் நடக்கிறது. கிறிஸ்தவ மிஷனரிகள் அவரைச் சாத்தானாக்கினார்கள். நீங்கள் பெயரை மாற்றிவிட்டு அதையே செய்திருக்கிறீர்கள். நாற்சந்தி, சிவப்பும் கறுப்புமான உடை இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள், தெரிந்தவர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட எனக்கு வருத்தம், அவரைப் பற்றிய சுவையான விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை என்பது. மற்ற ஒரிஷாக்களுக்கான, அதாவது யொரூபா தெய்வங்களுக்கான, படையலைக் கொண்டுசேர்ப்பவர் எஷு. முதல் பங்கு அவருக்குத்தான், கொடுக்காவிட்டால் எதுவும் போய்ச்சேராது. இந்த அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். வழியில் நின்று பங்கு கேட்கும் ஒரு தூதரை உங்கள் நாட்டின் மண்ணிலிருந்தே உருவாக்குங்கள். அவர் வில்லனாக இருக்கவேண்டிய அவசியமும் வராது.

வாழும் மரபுகளில் எல்லாக் கதையும் எல்லோருக்கும், எப்போதும் சொல்வதற்கானதல்ல. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் கயோட்டி (ஓநாய் போன்ற விலங்கு) கதைகளைக் குளிர்காலத்தில்தான் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை உங்களால் மதிக்க முடியாதென்றால் அந்தக் கதைப்பக்கம் போகாதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். நாற்பதில் நான்கு பேரை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் யார் சோறு போடுகிறார்கள், மிச்சம் யாருக்குப் போகிறது என்று தெரிந்ததும் புத்தகங்களை மூடிவிடலாம். மிச்சம் முக்கியம். எகிப்தியக் கோயில்களில் தெய்வத்தின் முன் வைத்த உணவு பிறகு பூசகர்களுக்குப் பங்காகப் போனது. சோறு வரும் இடத்தில் அரசியல் வராமல் இருக்காது.

உலகம் தோன்றிய கதையை முதல் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எகிப்திலேயே ஹீலியோபோலிஸ் நகரத்தார் உலகைப் படைத்தவர் 'அதூம்' என்ற கடவுள் என்றார்கள், மெம்பிஸ் நகரத்தார் 'ப்தா' என்ற கடவுள் என்றார்கள். உங்கள் பூசகர்களில் இருவர் கோயில் நிலத்துக்காகச் சண்டை போடும்போது ஆளுக்கொரு விதமாக அந்தக் கதையைச் சொல்லட்டும். ஆறாம் அத்தியாயத்தில் நிலத்தகராறு ஒன்று வரும் என்று குறிப்பிட்டிருந்தீர்களே, அங்கே பொருந்தும்.