அம்பாசடர் ஹைக்கூ: நடுவரி 7-இல் அடங்கவில்லை என்றவருக்கு

ஹைக்கூ என்றால் 5-7-5 என்ற கணக்கில் மூன்று வரி; அம்பாசடர் காரைப் பற்றிய உங்கள் ஹைக்கூவின் நடுவரி 14 வருகிறது என்கிறீர்கள். ஒற்றெழுத்தை (புள்ளி எழுத்தை) விட்டுவிட்டு எண்ணுங்கள். 'சோக் இழுத்தும் கிளம்பாத கார்' 14 இல்லை, 9 தான். இன்னும் 2 குறைக்க வேண்டும், அவ்வளவே. 'சோக் இழுத்தும் இருமல்' என்றால் சரியாக 7. சோக் என்பது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் குமிழ்; அதை இழுத்தாலும் பழைய கார்ப்யூரேட்டர் வண்டி காலையில் இருமத்தானே செய்யும்!

புள்ளி எழுத்தையும் சேர்த்து எண்ணியதால்தான் சிக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கட்டளைக் கலித்துறை என்ற நம் பழைய செய்யுள் வகையிலேயே ஒற்றெழுத்தை நீக்கித்தான் அடிக்கு 16, 17 எழுத்து என்று எண்ணுவார்கள். ஜப்பானியக் கணக்கு வேறு. அங்கே நெடிலுக்கு இரண்டு, 'நிப்பொன்' (ஜப்பான்) என்ற சொல்லுக்கு ஒற்றுகளும் சேர்ந்து நான்கு. அதை அப்படியே தமிழில் பொருத்தப் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

ஆனால் எனக்கு உறுத்துவது நடுவரி அல்ல, கடைசி வரி. 'வாழ்க்கையும் அப்படித்தான்' என்பதைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை, இல்லையா? அப்படியானால் அது வேண்டாம். அந்த நேரத்தில் வண்டியில் கண்ணில் பட்ட ஒன்றை வையுங்கள்:

மழைநாள் காலை
சோக் இழுத்தும் இருமல்
பானெட்டில் பூனை

5-7-5 தானாக வந்துவிட்டது. பூனை என் கற்பனை. உங்கள் வண்டியில் என்ன இருந்ததோ அதைப் போடுங்கள்.

ஒன்று மட்டும்: தமிழில் பலர் எண்ணாமல் மூன்று வரியோடு விட்டுவிடுகிறார்கள், அதுவும் தவறில்லை. போட்டிக்கு அனுப்புவதென்றால் ஒற்றெழுத்தையும் சேர்த்து எண்ணுவார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அப்புறம், மழை, பூனை எதுவுமில்லாமல் மெக்கானிக் பில்லைக் கிண்டலடித்து எழுதினால் அதை ஜப்பானியர் சென்ரியு என்பார்கள்.