படம் எடுத்தாச்சு, அப்புறம்?

கேள்வி: வீரமரணம் அடைந்த ஜவான்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். நான் வெகுநாளாக வியந்து பார்த்த கார்கில் வீரர் ஒருவர் வந்திருந்தார். பக்கத்தில் போனதும் பேச்சே வரவில்லை. ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ‘சம்பளம் வாங்கித்தானே சண்டை போட்டார், இதற்குப் போய் இப்படி உருகுகிறாயே’ என்கிறான் நண்பன். நான் உருகியது தப்பா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: தப்பே இல்லை. உங்கள் நண்பரிடம் யோகேந்திர சிங் யாதவைப் பற்றிச் சொல்லுங்கள். 1999 ஜூலையில், கார்கில் போரில், டைகர் ஹில் பாறையில் மற்றவர்கள் ஏறக் கயிறு கட்ட முன்வந்தபோது அவருக்கு வயது 19. குண்டுகள் பாய்ந்த உடம்போடு எதிரியின் பதுங்குகுழி வரை தவழ்ந்து போனார். போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை முதலில் அவர் இறந்துவிட்டதாக நினைத்துத்தான் அறிவித்தார்கள். ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஒரு ராத்திரிக்கு எந்தச் சம்பளக் கமிஷன் விலை போட முடியும்?

ஆனால் செல்ஃபி விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் வருத்தம் உண்டு. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரோடு படம் எடுக்க நீள வரிசை. வலது கையால் வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார். இடது கை மேசை விளிம்பை விடவே இல்லை. புறங்கையில் நரம்பு புடைத்து நின்றது. என் முறை வந்தபோதுதான் குனிந்து பார்த்தேன். பேண்ட்டுக்குள் இருந்தது செயற்கைக்கால். முக்கால் மணி நேரமாக நிற்கிறார், நாற்காலி இழுத்துப் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. “உட்காருங்கண்ணே” என்றேன். உட்கார்ந்தவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூடப் போய்த் திரும்பாத நண்பனைப் பற்றியே பேசினார்: அவன் ஊர், அவன் பனியில் அடுப்பு மூட்டும் விதம், அவன் அம்மாவுக்கு இவர் எழுதிய கடிதம்.

அதனால்தான் சொல்கிறேன். அடுத்த தடவை பேச்சு வராவிட்டால், “உங்க கூட யார் யார் இருந்தாங்க?” என்று கேளுங்கள். அது போதும். “எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கைதட்டல் வேறு, கவனிப்பு வேறு. சியாச்சினில் 21,000 அடிக்கு மேல் இருந்த எதிரியின் காவல் அரணை 1987 ஜூனில் பிடித்தவர் பானா சிங். அவருக்கும் பரம் வீர் சக்ரா கொடுத்து, அந்தச் சிகரத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். அதே பானா சிங்குக்கு அந்த விருதுக்காக அவருடைய மாநில அரசு வெகுகாலம் கொடுத்துவந்த மாதத் தொகை 166 ரூபாய். குடியரசு தின அணிவகுப்பில் அவரைப் பார்த்து நாம் எழுந்து நின்ற வருடங்களிலும் அதே 166தான்.

நீங்கள் போனது நிதி திரட்டும் நிகழ்ச்சி. ஆனால் நிதி கொடுத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் போட்ட அந்தச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, கையில் வந்த சில்லறையை உண்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சில்லறைதான் ஒரு பிள்ளையின் படிப்புக்கும், ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கும் போகிறது. ஓய்வூதியம் பெறும் அளவுக்குப் பணிக்காலம் இல்லாமல் வெளியே வந்து, இன்று 65 வயதைத் தாண்டி முடங்கிக் கிடக்கும் பழைய சிப்பாய்க்கும் அதிலிருந்துதான் உதவி. அவரோடு படம் எடுக்க வரிசை நிற்பதில்லை.

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உங்கள் கோவையிலேயே இருக்கிறது. டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வேலை நாளில் போய், இந்த வருடம் யார் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.