கோலாலம்பூரில் உணவு வங்கி எப்படி இயங்குகிறது? கோயில் அன்னதானத்தில் மிஞ்சும் சாப்பாட்டை அதற்குக் கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர், தம் வட்டாரக் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் அன்னதானத்தில் ஓர் அண்டா சோறாவது மிஞ்சுகிறது என்றும், அதை உணவு வங்கிக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்களா என்றும், அப்படிப்பட்ட வங்கி உண்மையில் என்னதான் செய்கிறது என்றும் கேட்டிருக்கிறார். நான் ஆறு ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் ஓர் உணவு வங்கியின் கிடங்கில் சனிக்கிழமைகளில் வேலை செய்யும் தன்னார்வலன். அண்டாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். வங்கி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பதில் விளங்கும்.

உணவு வங்கி என்றதும் வரிசையில் நிற்பவர்களுக்குப் பொட்டலம் கொடுக்கும் இடம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மொத்த வியாபாரக் கடையைப் போன்றது என்று சொன்னால் உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். தொழிற்சாலை, பேரங்காடி, மொத்தச் சந்தை ஆகியவற்றில் விற்காமல் தேங்கும் நல்ல பொருளை நன்கொடையாகப் பெற்றுவந்து, பிரித்து, அளந்து, அதை அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கங்கள், முதியோர் இல்லங்கள், சுராவ் (சிறு தொழுகையிடம்), தேவாலயம், கோயில், டியூஷன் வகுப்பு நடத்தும் சிறு குழுக்கள் என்று பலருக்கும் பிரித்தனுப்புவதே அதன் வேலை. வீட்டுக் கதவைத் தட்டுவது பெரும்பாலும் அந்தக் குழுக்கள்தாம்.

இந்த யோசனை பிறந்த கதையும் இதையே காட்டுகிறது. 1967இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். பணத்தைப் போட்டு எடுக்கும் வங்கியைப் போல உணவுக்கும் ஓர் இடம் இருந்தால் என்ன என்று அவரிடம் சொன்னவர், மளிகைக் கடையின் பின்புறக் குப்பைத் தொட்டியில் தேடித் தம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒரு தாய் என்பார்கள். (அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1867இல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலையின் அடுப்பை மூட்டியிருந்தார், நம்மவர்களிடம் இதைச் சொன்னால் வங்கி என்ற சொல்லின் மீதுள்ள தயக்கம் கொஞ்சம் குறைகிறது.)

நம் நாட்டில் பொருளுக்குப் பஞ்சமில்லை. மலேசியாவில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவு கழிவாகப் போகிறது என்றும், அதில் ஏறக்குறைய கால் பங்கு இன்னும் சாப்பிடக்கூடியது என்றும் திடக்கழிவு நிர்வாகக் கழகம் கணக்குச் சொல்லியிருக்கிறது. கெச்சாரா சூப் கிச்சன், ஃபுட் எய்ட் ஃபவுண்டேஷன், தி லாஸ்ட் ஃபூட் புராஜெக்ட் போன்ற அமைப்புகள் இந்நகரில் பல ஆண்டுகளாக இயங்கிவருகின்றன; 2018 டிசம்பரில் அரசாங்கமும் ஃபூட் பேங்க் மலேசியா என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போதும் பல கடைகள், கொடுத்த பொருளால் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் வழக்கு வருமே என்று அஞ்சி, நல்ல பொருளையும் நசுக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தன. நல்லெண்ணத்துடன், சுகாதார விதிகளைப் பின்பற்றிக் கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020இல் வந்த பிறகு, கடை நிர்வாகிகளிடம் பேசுவது எங்களுக்கு எளிதாயிற்று.

கிடங்கு வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செலாயாங் மொத்தச் சந்தையில் இரவெல்லாம் வியாபாரம் நடந்து, காலையில் தக்காளி, முட்டைக்கோஸ், சாவிக் கீரை என்று கூடைகள் மிஞ்சும்; அழுகியதைக் கழித்துவிட்டு மீதியை அன்றே அனுப்பிவிட வேண்டும். டப்பா உணவுகளில் ஹலால் உள்ளதையும் இல்லாததையும் வெவ்வேறு அடுக்கில் வைப்போம். மாட்டிறைச்சிக் கறி டப்பா தவறிப்போய் இந்துக் குடும்பத்தின் பையில் விழுந்துவிட்டால், அந்த வீட்டில் பிறகு எங்கள் பையையே திறக்கமாட்டார்கள். ‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்பது சுவையைப் பற்றிய வாக்கு. ‘காலாவதி தேதி’ என்பது பாதுகாப்பைப் பற்றிய எச்சரிக்கை. புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு முதல் அரைமணி நேரம் இந்த வேறுபாட்டைத்தான் சொல்லிக்கொடுப்போம். வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் ஒரு திறமை. ஒருமுறை ஒரு நிறுவனம் இன்னும் ஒன்பது நாளில் காலாவதியாகும் இனிப்புப் பானத்தை லோரி நிறைய அனுப்பிவைத்தது. அதில் பாதியைக் கொட்டுவதற்கு நாங்கள்தான் செலவழித்தோம்.

எந்த வீட்டு அடுப்பில் பூனை தூங்குகிறது என்பதை அறிவதுதான் உண்மையில் கடினமான வேலை.

கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளைப் பற்றி யூனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமலும், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும் இருப்பதாகக் கண்டது. அதே கட்டடங்களில் 23 விழுக்காட்டுக் குழந்தைகள் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்தார்கள். ஒட்டிய வயிற்றைத் தேடிப் போகிறவர் கண்ணுக்கு இந்தப் பசி படாது. அந்த ஆய்வில் நூற்றில் பன்னிரண்டு பிள்ளைகள் நாளுக்கு மூன்று வேளைக்கும் குறைவாகச் சாப்பிட்டார்கள். மற்றவர்களில் பலர் மெகியையும் இனிப்புத் தண்ணீரையும் கொண்டு வயிற்றை நிரப்புகிறார்கள். மாநகராட்சியின் பிபிஆர் என்ற மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு மாத வாடகை 124 ரிங்கிட்தான் என்பதால், உள்ளே இருப்பவர்களுக்கு என்ன குறை என்று வெளியிலிருந்து கேட்பவர்களும் உண்டு.

நான் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு பிபிஆர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, பதாகை கட்டி, ஒலிபெருக்கியில் அழைத்துக் கொடுத்தோம். மலாய்க்கார அம்மாக்கள் சிலர் வந்தார்கள். தமிழ்ப் பெண்கள் நடைபாதைச் சுவரில் சாய்ந்து மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள், இறங்கி வரவில்லை. ‘நம்மவர்களுக்குத் தேவையில்லை போலிருக்கிறது’ என்று நான் முட்டாள்தனமாகச் சொன்னதைக் கேட்ட, அங்கே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஒரு பெண், ‘போட்டோ பிடிக்கிற இடத்துக்கு எந்தத் தாய் அண்ணே வருவா?’ என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து பதாகையும் இல்லை, கேமராவும் இல்லை. அவரும், நாசி லெமாக் விற்கும் ஒரு மலாய்க்கார அம்மாவும், ஓய்வுபெற்ற சீனப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் ஆள் வேலையிழந்திருக்கிறார், எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்தப் பிள்ளை டியூஷனுக்கு வரும்போதே பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்கிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தன. நாங்கள் மண்டபத்தில் பொருளை அடுக்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். வருபவர்கள் கடையில் எடுப்பதுபோல் வேண்டியதை எடுத்துப் போவார்கள். எடுக்காமல் விட்டுப் போவதிலிருந்தும் நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம்.

அரசாங்கத்திடம் இ-காசே என்ற வறியோர் பதிவேடு இருக்கிறது. அதை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அதில் பெயர் ஏறாதவர்கள்தாம் பல நேரங்களில் மிகவும் தவிப்பவர்கள். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் இன்றுவரை குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் தமிழ்ப் பாட்டிகளையும், எந்த அட்டையுமே இல்லாத அவர்களுடைய பேரப்பிள்ளைகளையும் எந்தக் கணினியும் எங்களுக்குக் காட்டியதில்லை. 2025 ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயது நிறைந்த குடிமக்களுக்கெல்லாம் மைகார்டு என்ற குடிமக்கள் அடையாள அட்டை வழியாக 100 ரிங்கிட் உதவி கிடைத்தது. அந்த வாரத்தில் எங்கள் நோட்டில் குடிமக்களின் பெயர்கள் குறைந்தன, இவர்களுடைய பெயர்கள் அப்படியே இருந்தன.

2021 ஜூலையில் பொது முடக்கத்தின்போது உதவி தேவை என்று காட்ட வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் வழக்கம் பரவியது நினைவிருக்கும். நாங்கள் பொருள் கொடுக்கும் அந்தப் பிபிஆர் கட்டடத்தில் நான்கு கொடிகள் தொங்கின; நோட்டில் முப்பத்தொரு வீடுகள் இருந்தன. கொடி நல்ல வழிதான், பல உயிர்களைக் காத்தது. ஆனாலும் கொடி கட்ட மனம் வராதவர்களை அண்டை வீட்டார்தான் சொல்ல முடியும்.

நாங்கள் தவறும் செய்திருக்கிறோம். பதின்மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவருக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஆறு வாரம் கழித்துப் போனால் மூட்டையின் நூல்கூடப் பிரிக்கப்படவில்லை. எரிவாயுத் தோம்பு தீர்ந்திருந்தது. மின்தூக்கி பழுதாகிக் கிடந்ததால் புதிய தோம்பை மேலே கொண்டுவர யாரும் இல்லை. ரொட்டியும் தண்ணீருமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் படிவத்தில் முதல் கேள்வி, ‘அடுப்பு எரிகிறதா?’ என்பதுதான். பள்ளி விடுமுறையையும் இப்படித்தான் கற்றோம். 1979 முதல் நடந்துவரும் துணை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே காலை உணவு சாப்பிடும் ஏழைப் பிள்ளைகளுக்கு, நீண்ட விடுமுறை வந்தால் அந்த வேளை இல்லாமல் போகிறது. எங்களிடம் இதைச் சொன்னவர் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலை அக்காள். இப்போது அந்த வாரங்களில் முட்டையையும் பாலையும் கூட்டி அனுப்புகிறோம்.

உணவு வங்கியால் பசி ஒழியுமா என்றால், ஒழியாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டான பிறகும், நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் இருபதாம் தேதிக்குப் பிறகு காய்கறி வாங்க முடியாது என்பது சம்பளக் கணக்கு. அதை எங்கள் கிடங்கு தீர்க்காது. அந்தக் கடைசிப் பத்து நாளைத் தாண்டவைப்பதுதான் எங்களால் ஆகும்.

இனி அண்டாவுக்கு வருகிறேன். பெரும்பாலான உணவு வங்கிகள் சமைத்த சோற்றை எடுப்பதில்லை; தருமம் பாராமல் மறுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சமைத்த உணவு 5 பாகையிலிருந்து 60 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் கிடக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன; நம் ஊர் வெப்பத்தில் மூடிவைத்த அண்டா அந்த அளவிலேயே மணிக்கணக்கில் நிற்கும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பகல் பன்னிரண்டு மணிக்கு இறக்கிய சோற்றை மாலை நான்கு மணிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் இறக்குவதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

உங்கள் கோயில் செய்யக்கூடியது வேறு. பக்தர்கள் வேண்டுதலாகத் தரும் அரிசி, பருப்பு மூட்டைகளில் மடைப்பள்ளிக்குத் தேவையானதுபோக மீதியைச் சமைக்காமலே கொடுங்கள். அது மாதக்கணக்கில் கெடாது. சமைத்ததைத்தான் தரவேண்டும் என்றால், பந்தி தொடங்குவதற்கு முன்பே ஐம்பது பொட்டலத்தைச் சூடாகக் கட்டித் தனியே எடுத்துவையுங்கள். பத்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு குடியிருப்புக்கு அதை நேரே அனுப்பிவிடலாம். இதைவிடவும் எனக்குப் பிடித்த வழி ஒன்றுண்டு. எங்களிடம் காய்கறி இருக்கிறது, சமையலறை இல்லை; உங்களிடம் பெரிய அடுப்பும் பாத்திரமும் கைப்பழக்கமும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக் காலையில் செலாயாங்கிலிருந்து வரும் கூடைகளை உங்கள் மடைப்பள்ளி ஏற்றுக்கொண்டால், அன்றைய சாம்பாருக்குக் காய் வாங்கும் காசு மிச்சம்; அந்தக் காசில் முட்டை வாங்கி எங்களிடம் தரலாம். கோயில் நிர்வாகத்திடம் பேசிவிட்டு, உங்கள் வட்டாரத்தில் இயங்கும் உணவு வங்கிக்கு வியாழக்கிழமை மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். லோரியின் வழித்தடத்தை அவர்கள் அன்று மாலைதான் போடுவார்கள்.