முந்திரித் தோப்பும் 'வட்டியில்லாத' முன்பணமும்

கேள்வி: பண்ருட்டி பக்கம் மூன்று ஏக்கர் முந்திரி. வருடத்துக்கு 80 கிலோ மூட்டை 15 தேறும். கார்த்திகையில் வியாபாரியிடம் வட்டியில்லாமல் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கி, சித்திரையில் கொட்டையை அவருக்கே போடுகிறேன். வெளியில் கிலோ 120 என்றால் அவர் 110 தருவார். மூட்டைக்கு 2 கிலோ கழிவு. கையில் எதுவும் நிற்பதில்லை. மரங்களை வெட்டிவிட்டு அகர் வைக்கலாம், கம்பெனியே வாங்கிக்கொள்ளும் என்கிறார் மைத்துனர். செய்யலாமா?

பதில்: நீங்கள் கட்டுவது அஞ்சு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். கணக்கைப் பாருங்கள்: 1,200 கிலோவுக்குப் பத்து ரூபாய் வீதம் 12,000. கழிவு 30 கிலோ, 3,300. ஆக 60,000 ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் 15,300. இதே தொகைக்கு வங்கி நகைக்கடன் பத்து சதவீதம் என்றாலும் ஏறக்குறைய 2,500தான். உரம், மருந்துச் செலவுக்குக் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் கிடைத்தால், கெடு தவறாதவருக்கு வட்டியே இல்லை. சிட்டா, அடங்கலோடு ஐப்பசியிலேயே போய்க் கேளுங்கள். நகையை மட்டும் வட்டி கட்டித் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள். அது இன்னொரு முன்பணம்.

கழிவுக்கு வியாபாரி சொல்லும் சாக்கு ஈரம். அதில் பாதி உண்மை. பொறுக்கிய கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிக் காயவையுங்கள். குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். எடை குறையும், அதனால் 'காய்ந்த கொட்டை' என்று சொல்லியே விலை பேசுங்கள். ஈரத்தோடு கட்டினால் பருப்பு கறுக்கும். அறுத்துப் பார்ப்பவர் அதைச் சொல்லியே விலையை இறக்குவார்.

ஆடிவரை வைத்திருந்தால் விலை ஏறும் என்றும் நம்ப வேண்டாம். நம் ஆலைகளுக்கு ஐவரி கோஸ்ட், கானா கொட்டையும் வருகிறது. அங்கும் அறுவடை பிப்ரவரிக்கு மேல்தான், ஆக ஆடியிலும் அந்த வரத்து இருக்கும். வியட்நாம் ஆலைகள் என்ன விலைக்கு வாங்குகின்றன என்பதும் நம் விலையை அசைக்கும். பாதியைக் காய்ந்ததும் விற்று, வந்த பணத்தில் அன்றைக்கே கடனை அடையுங்கள். மீதியைச் சாக்கில் கட்டிப் பலகைமேல் அடுக்குங்கள்.

அகரா? காயம்பட்டுப் பூஞ்சை பிடித்தால்தான் அந்த மரத்தில் வாசனைப் பிசின் ஊறும், இல்லாவிட்டால் விறகு. எந்த ஆண்டு, என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மைத்துனரிடம் கேளுங்கள். ஈமு கோழியையும் இப்படித்தான் திரும்ப வாங்குவதாகச் சொன்னார்கள். காய்ப்பு நின்ற கிழ முந்திரி மரங்களை மட்டும் எடுத்துவிட்டு, ஏழு மீட்டர் இடைவெளியில் வி.ஆர்.ஐ. 3 என்ற முந்திரி ரகத்தின் ஒட்டுக்கன்று வையுங்கள்; விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.